பாலிப்பின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்

"சதை வளர்ந்திருந்துச்சாம் டாக்டர். ஸ்கோப்லயே எடுத்துட்டாங்க. அதான் எடுத்தாச்சே, மறுபடி எதுக்கு வரச் சொல்றாங்கன்னு நான் போகல."

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் அக்காமார்களிடமும் அண்ணன்மார்களிடமும் இந்தப் பேச்சைப் பல தடவை கேட்டுவிட்டேன். கதை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வருடக்கணக்கில் 'காஸ்ட்ரிக்' என்று சொல்லி, கடையில் வாங்கிய மாத்திரையைச் சப்பிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள். ஒரு நாள் சரிவில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் ரிங்லெட் கிளினிக், பிறகு தானா ராத்தா மருத்துவமனை, அங்கிருந்து ஒரு கடிதத்தோடு சிம்பாங் பூலாய் வழியாகவோ தாப்பா வழியாகவோ மலையிறங்கி ஈப்போ. அங்கே வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். மருத்துவமனைத் தாளில் அது ஓஜிடிஎஸ், நம்மவர்களுக்கு ஸ்கோப். உள்ளே ஒரு பாலிப். அகற்றியாயிற்று. மலையேறி லயத்துக்கு வந்தாயிற்று. தாள் சாமி படத்துக்குப் பின்னால் போயிற்று.

நான் கேட்பது ஒன்றுதான்: "அந்தப் பாலிப்புக்கு என்ன பேர் வந்துச்சுங்க?"

பெரும்பாலும் பதில் வராது. குற்றம் அவர்களுடையது மட்டும் அல்ல. மருத்துவர்களாகிய நாங்களும் கூட்ட அவசரத்தில் "பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். ஆனால் அந்தப் பெயர் தெரியாமல் உங்களுக்குச் சரியான யோசனை சொல்ல எவராலும் முடியாது.

பாலிப் என்பது ஒரு நோயின் பெயரே அல்ல. இரைப்பையின் உட்சுவரிலிருந்து எது புடைத்து நின்றாலும் அதற்குப் பாலிப் என்று பெயர். தோட்டத்தில் 'செடி' என்று மட்டும் சொன்னால் எதைச் சொன்னதாக ஆகும்? தேயிலையும் செடி, அதன் தூரில் முளைக்கும் களையும் செடி. வெட்டியெடுத்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்து எழுதும் முடிவில்தான் அது எந்தச் செடி என்று தெரியும். அந்த முடிவை எச்பிஇ என்று எழுதுவார்கள். அது வரச் சில வாரங்கள் ஆகும். ஸ்கோப் செய்த அன்று உங்கள் கையில் தரும் தாள் வேறு, இது வேறு. அன்று தந்த தாளே கடைசித் தாள் என்று நினைத்துக்கொண்டு பலர் முடிவை வாங்கப் போவதே இல்லை.

அந்த முடிவில் 'ஃபண்டிக் சுரப்பிப் பாலிப்' என்று இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஒமெப்ரஸோல், பான்டோப்ரஸோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு இது வருவதுண்டு. புற்றாக மாறுவது மிக மிக அரிது. மாத்திரை இன்னும் தேவைதானா என்று மருத்துவரிடம் கேளுங்கள், அது போதும். ஒரு விலக்கு உண்டு. நாற்பது வயதுக்குள் இருப்பவருக்கு இத்தகைய பாலிப்கள் நிறைய இருந்தால், பரம்பரையாக வரும் குடல் பாலிப் நோய் இருக்கிறதா என்று பெருங்குடலையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

'அடினோமா' என்று இருந்தால் சோம்பவே கூடாது. இது புற்றின் முன்நிலை. 2 செ.மீ. தாண்டிய அடினோமாக்களில் ஏறக்குறைய பாதியில் புற்று ஒளிந்திருக்கக் கூடும். சிறியதோ பெரியதோ, முழுதாக அகற்ற வேண்டும். மற்ற இடங்களையும் ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும். ஒரு வருடத்தில் மீண்டும் ஸ்கோப்.

நம் மக்களிடம் அடிக்கடி காண்பதும், நான் அதிகம் பேச நினைப்பதும் மூன்றாவதைப் பற்றி. 'ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்'. நெடுநாள் புண்பட்டு ஆறி, மீண்டும் புண்பட்டு ஆறிய வயிற்றுச் சுவர், ஆற்றும் வேகத்தில் அளவுக்கு மீறி வளர்ந்து நிற்பதுதான் இது. நூற்றில் ஓரிரண்டில்தான் புற்றணுக்கள் காணப்படுகின்றன. அந்த எண்ணைக் கேட்டு நிம்மதி அடைவது இயல்பு. ஆனால் 1 செ.மீ.யைத் தாண்டினால் ஆபத்து கூடத் தொடங்குகிறது. அதைவிட முக்கியம், இது தனியாக முளைப்பதில்லை. சுற்றியுள்ள இரைப்பைச் சுவர் முழுவதும் அழற்சி கண்டு, மெலிந்து, கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு இது சாட்சி. பாலிப்பை வெட்டலாம். அது முளைத்த மண் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

அந்த மண்ணில் என்னதான் நடக்கிறது? மரபணு நிலையின்மை என்கிறார்கள். சொல் கடினமாக இருந்தாலும் விஷயம் தோட்டத்துக்காரர்களுக்கு எளிதில் புரியக் கூடியது.

பழைய தோட்ட ஆபீஸில் கிராணி நிறுவைக் கணக்கைப் பெயர்த்தெழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் தன் மரபணு ஏட்டை முழுதாகப் பெயர்த்தெழுத வேண்டும். ஏட்டின் சில இடங்களில் ஒரே எழுத்து எட்டுப் பத்து முறை தொடர்ந்து வரும். ஒரே எண் வரிசையாக வரும் இடத்தில் கிராணியின் கண் தடுமாறுவதுபோல, அங்கே ஓர் எழுத்து கூடிவிடும், அல்லது குறைந்துவிடும். இதைப் பிடித்துத் திருத்த உடலில் சரிபார்க்கும் புரதங்கள் இருக்கின்றன. எம்எல்எச்1, எம்எஸ்எச்2 என்பவை அவற்றில் சில. இந்தத் திருத்தும் வேலை எப்படி நடக்கிறது என்று காட்டிய பால் மோட்ரிச், 2015 வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர்.

வயிற்றில் எம்எல்எச்1 மரபணு பெரும்பாலும் உடைவதில்லை. அதன் தொடக்கத்தில் மெத்தில் என்னும் சிறு வேதிக்குழுக்கள் ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் அடைத்துவிடுகின்றன. கணக்குச் சரிபார்ப்பவர் இல்லாத ஆபீஸ் ஆகிவிடுகிறது. பிழைமேல் பிழை சேர்கிறது. இதற்கு மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை என்று பெயர். இன்னொரு வகைக் கோளாறில் எழுத்துப் பிழையோடு நிற்பதில்லை. ஏட்டின் பக்கங்களே கிழிந்து இடம் மாறுகின்றன, சில இரட்டிப்பாகின்றன, சில தொலைகின்றன. இது குரோமோசோம் நிலையின்மை. கெட்ட செல்லைத் தடுத்து நிறுத்த வேண்டிய டிபி53 என்ற காவல் மரபணுவும் இதில் பழுதாகிவிடுகிறது. 2014இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் 295 இரைப்பைப் புற்றுகளின் மரபணு ஏடுகளைப் படித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ பாதி இரண்டாம் வகை. 22 விழுக்காடு முதல் வகை.

இத்தகைய மரபணுச் சோதனைகளைப் பாலிப்பில் வழக்கமாகச் செய்வதில்லை. தேவையும் இல்லை. மரபணு ஏடு கெட்டுக்கொண்டிருப்பது நுண்ணோக்கியில் தெரியும்போது அதை 'டிஸ்பிளேசியா' என்று எழுதுவார்கள். உங்கள் எச்பிஇ தாளில் பெயருக்கு அடுத்தபடி தேட வேண்டிய சொல் அதுதான். 'டிஸ்பிளேசியா இல்லை' என்று இருந்தால் நல்லது. 'குறைந்த தரம்' என்றாலும் 'உயர்ந்த தரம்' என்றாலும் குறித்த தேதியைத் தள்ளிப்போட உங்களுக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா' என்று ஒரு சொல்லும் இருக்கலாம். இரைப்பைச் சுவர் தன் குணம் மாறிக் குடல்சுவர்போல ஆகியிருக்கிறது என்று பொருள். கொலம்பியாவைச் சேர்ந்த நோயியல் அறிஞர் பெலாயோ கொரேயா 1975இலேயே இந்தப் படிகளை வரிசைப்படுத்திக் காட்டினார்: அழற்சி, சுவர் மெலிதல், குணமாற்றம், டிஸ்பிளேசியா, புற்று. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக வருடங்கள் ஆகும். எல்லாரும் கடைசிப் படிக்குப் போவதுமில்லை. அந்த வருடங்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம்.

முதல் படியில் ஏற்றிவிடுவது பெரும்பாலும் ஒரு கிருமி. ஹெலிகோபேக்டர் பைலோரி. வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இதைக் கண்டறிந்தார்கள். ஒருவரும் நம்பாததால் மார்ஷல் 1984இல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து வயிற்றழற்சியை வரவழைத்துக் காட்டினார். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை உறுதியான புற்றுக்காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இந்தக் கிருமி உண்டாக்கும் ஓயாத அழற்சி மரபணு ஏட்டை நேரடியாகவே சேதப்படுத்துகிறது. திருத்தும் புரதங்களையும் மட்டுப்படுத்துகிறது. 2001இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வில் 1,526 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு வயிற்றுப் புற்று வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

இங்கேதான் நம் மலேசியத் தமிழர் கதை வருகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோ கியான் லீயும் நுண்ணுயிரியல் பேராசிரியர் பராசக்தியும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இந்தக் கிருமியின் தடயம் இருந்தது. சீனர்களிடமும் அதிகம், மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. ஒரே நாடு, ஒரே தண்ணீர், ஆனால் இனத்துக்கு இனம் வேறுபாடு. 2009இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இங்குள்ள இந்தியர்களின் கிருமி தெற்காசியக் கிருமிதான் என்று காட்டியது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர்களின் வயிற்றுக்குள் அதுவும் வந்து சேர்ந்திருக்கிறது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து மலையேறியவர்களோடும் சேர்ந்து ஏறியிருக்கும். இது பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேயே, தாயிடமிருந்து பிள்ளைக்கும் அண்ணனிடமிருந்து தம்பிக்கும் தொற்றுகிறது. ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் படுத்து, ஒரே குவளையில் குடித்து வளர்ந்த லயத்து வாழ்க்கை அதற்கு ஏற்ற இடமாக இருந்தது. எங்கள் தலைமுறையிடம் இது இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இத்தனை கிருமி இருந்தும் இந்தியர்களுக்கு வயிற்றுப் புற்று சீனர்களுக்கு வரும் அளவுக்கு வருவதில்லை. ஆய்வாளர்கள் இதை 'இந்தியப் புதிர்' என்றே அழைக்கிறார்கள். சிலர் இதைப் பிடித்துக்கொண்டு "நமக்கு வராது" என்கிறார்கள். அது தவறு. சராசரி என்பது ஊருக்குச் சொல்வது. உங்கள் வயிற்றில் ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்போ மெட்டாபிளேசியாவோ கண்டுவிட்ட பிறகு நீங்கள் அந்தச் சராசரியில் இல்லை.

நல்ல செய்தி ஒன்று சொல்கிறேன். 1998இல் ஜப்பானில் ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப் இருந்தவர்களுக்குக் கிருமிக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி ஒழிந்த 15 பேரில் 12 பேருக்குப் பாலிப்பே மறைந்துபோயிற்று. வெட்டவில்லை. மண்ணைச் சரிசெய்தார்கள், அவ்வளவுதான். தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊர் முழுவதற்கும் சோதித்து மருந்து கொடுத்ததில், புதிதாக வரும் வயிற்றுப் புற்று பாதியாகக் குறைந்தது.

ஆகவே ஸ்கோப்புக்குப் போகும்போதே கேளுங்கள்: "பாலிப்போடு சேர்த்துப் பக்கத்துச் சுவரிலிருந்தும் சதைத்துணுக்கு எடுப்பீங்களா? கிருமிச் சோதனையும் செய்வீங்களா?" கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கிருமி இருந்தால் வழக்கமாக 14 நாள் மருந்து. அமிலக் குறைப்பு மாத்திரையோடு இரண்டு மூன்று கிருமிக்கொல்லிகள். வாய் கசக்கும், வயிறு போகும், குமட்டும். ஐந்தாம் நாள் "இப்ப பரவால்ல" என்று நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மீதி மாத்திரையைக் கொடுத்தவர்களை நான் அறிவேன். அப்படி நிறுத்தினால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும்; அடுத்த முறை அது வேலை செய்யாது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லுங்கள். மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் அந்த நாட்களிலும், முடிந்த பின் மூன்று நாளும் சம்சு, பீர் எதையும் தொட வேண்டாம்.

மருந்து முடிந்ததோடு வேலை முடியவில்லை. கிருமி செத்ததா என்று பார்க்க வேண்டும். கிருமிக்கொல்லி முடிந்து குறைந்தது நான்கு வாரமும், அமிலக் குறைப்பு மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரமும் ஆன பிறகு மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்ய வேண்டும். இரத்தச் சோதனை இதற்கு உதவாது; செத்த கிருமியின் தடயத்தையும் அது வருடக்கணக்கில் காட்டிக்கொண்டிருக்கும். பலருடைய சிகிச்சை இந்தக் கடைசிப் படியில்தான் அறுந்துபோகிறது.

இரத்தசோகையைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தம் குறைவாக இருந்தால் மாதவிலக்கு, சாப்பாடு சரியில்லை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. பெரிய பாலிப்கள் கண்ணுக்குத் தெரியாமல் சொட்டுச் சொட்டாக இரத்தம் கசியவிடும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ, ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைவு வந்தால் வயிற்றையும் குடலையும் பார்க்காமல் விடக் கூடாது. மலம் தார்போலக் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காரணமில்லாமல் உடம்பு இளைத்தல், சாப்பிட்டது இறங்காமல் நிற்றல், ஓயாத வாந்தி, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிடுதல் எதுவும் 'காஸ்ட்ரிக்' அல்ல.

தேயிலையைப் பற்றிக் கேட்பார்கள். தேத்தண்ணீரால் வயிற்றுப் புற்று வராது. ஆனால் சோற்றோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நான் கவலைப்படுவது உப்பைப் பற்றி. கருவாடு, உப்பு நெத்திலி, ஊறுகாய். உப்பு வயிற்றுச் சுவரின் காப்பைக் கரைத்து, கிருமியின் வேலையைச் சுலபமாக்குகிறது. ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குக் குறைவான உப்புதான் ஓர் ஆளுக்கு வேண்டும். மலைக் குளிருக்குக் கருவாட்டுக் குழம்பு எவ்வளவு இதம் என்று எனக்குத் தெரியும். தினமும் வேண்டாம். சிகரெட்டையும் புகையிலை வைத்த வெற்றிலையையும் விட்டுவிடுங்கள்.

குடும்பத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு வயிற்றுப் புற்று இருந்தால் மற்றவர்கள் கிருமிச் சோதனை செய்துகொள்ளலாம். 2020இல் வெளியான கொரிய ஆய்வில் அப்படிப்பட்ட குடும்பங்களில் மருந்து எடுத்த 832 பேரில் 10 பேருக்கும், எடுக்காத 844 பேரில் 23 பேருக்கும் புற்று வந்தது. ஒரே குடும்பத்தில் வயிறு, பெருங்குடல், கருப்பை என்று பலருக்கு, அதுவும் ஐம்பது வயதுக்குள் வந்திருந்தால் அது வேறு விஷயம். திருத்தும் மரபணுவே பிறவியில் பழுதாகி வம்சவழி இறங்கும் லிஞ்ச் நோயாக இருக்கலாம். மரபணு ஆலோசனை கேட்க வேண்டும். "அப்பா வயித்து வலியில செத்தார்" என்று மட்டும் சொல்லாமல், என்ன நோய், என்ன வயது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

இனி மலையிறங்கும் சிரமம். அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். செலவெல்லாம் பயணத்திலும் இழந்த நாள்கூலியிலும்தான். ஸ்கோப்புக்குப் போன நாளுக்கு எம்.சி. கேட்டு வாங்குங்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, வேலைக்காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். அரசு உதவித்தொகை பெறும் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. அதில் ஸ்கோப் கிடையாது. ஆனால் இரத்தசோகை அங்கே தெரியவரும். புற்று உறுதியானால் அதே திட்டத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும், சிகிச்சையை முழுதாக முடித்தவருக்கு 1,000 ரிங்கிட்டும் கிடைக்கும்.

மயக்க ஊசி போட்டால் அன்று மோட்டார் ஓட்டக் கூடாது, கூட ஓர் ஆள் வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பெரிய பாலிப் அகற்றினால் சில நாள் கழித்தும் இரத்தம் கசியலாம். "என் வீடு மலையில, ரெண்டு மணி நேர வளைவுப் பாதை" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓர் இரவு அங்கேயே தங்கவைப்பதா என்று அவர் முடிவெடுக்க அது உதவும்.

இதைப் படித்து முடித்ததும் சாமி படத்துக்குப் பின்னாலிருக்கும் தாளை எடுத்துப் பாருங்கள். பாலிப்பின் பெயர், டிஸ்பிளேசியா உண்டா இல்லையா, கிருமி உண்டா, அடுத்த தேதி எது. இந்த நான்கும் அதில் இல்லையென்றால், அடுத்த முறை இறங்கும்போது கேட்டு எழுதி வாங்கி வாருங்கள். தேதி கடந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. தானா ராத்தா மருத்துவமனையில் காட்டினால் புதுக் கடிதம் தருவார்கள்.